மூன்றாவது பெடல்: கார் கேள்வி–பதில்

‘இனி கிளச் மிதிக்க வேண்டாம்’ என்று கார் கம்பெனிகள் விளம்பரம் போட்டு மாய்ந்துகொண்டிருக்கின்றன. நம் வாசகர்களோ கிளச்சைத் திரும்ப வாங்குவது எப்படி என்று கேட்டு எழுதித் தள்ளுகிறார்கள். ஆகவே இந்த இதழ் முழுக்க ஆட்டோமேட்டிக்கை மேனுவலாக்கும் விவகாரம்தான். டயர், ஏ.சி. கோளாறு கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுக்கவும்.

இடது காலுக்கு வேலையில்லாதவர், மதுரை: என் ஆட்டோமேட்டிக் காரை மேனுவலாக மாற்ற முடியுமா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.

முடியும். இரண்டு வார்த்தை கேட்டிருந்தால் ‘வேண்டாம்’ என்பதையும் சேர்த்திருப்பேன்.

அவரே, அதே கடிதத்தின் பின்பக்கத்தில்: ‘வேண்டாம்’ என்று சொன்னால் ஏன் என்றும் சொல்ல வேண்டும்.

முன்யோசனைக்காரர்தான் நீங்கள். கியர்பாக்ஸைக் கழற்றி இன்னொன்றை மாட்டினால் வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மாப்பிள்ளை ஒருவர்தான், கூடவே வந்து இறங்குகிற சம்பந்தி வீட்டுக் கூட்டத்தைக் கேளுங்கள்.

இன்ஜினுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருப்பது டார்க் கன்வெர்ட்டர். மூடிய கூட்டுக்குள், எண்ணெயில் மூழ்கிய இரண்டு விசிறிகள். இன்ஜின் பக்கத்து விசிறி எண்ணெயை வீசும், எதிர் விசிறி அந்த வேகத்தில் சுற்றும். இந்தக் கூட்டை இன்ஜினோடு பிணைப்பது ஃப்ளெக்ஸ் பிளேட் என்ற மெல்லிய தகடு. மேனுவலுக்கு அது உதவாது. கனமான ஃப்ளைவீல் வேண்டும். அதன்மேல் கிளச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங். மிதிக்க ஒரு பெடல். அதற்கு இடம் வேண்டுமே! ஆட்டோமேட்டிக் காரில் பிரேக் பெடல் அகலமாக உட்கார்ந்திருக்கும். அதையும் மாற்ற வேண்டும். ஹைட்ராலிக் கிளச் என்றால் மாஸ்டர் சிலிண்டர் உட்கார ஃபயர்வாலில் துளை, கீழே ஸ்லேவ் சிலிண்டர், நடுவில் குழாய். பிறகு கியர் லிவர், அதன் கேபிள்கள், அதை மூடுகிற கன்சோல். முன்சக்கர டிரைவ் கார் என்றால் ஆக்சில்களின் நீளமோ, உள்ளே போய்ச் சேரும் பற்களோ வேறாக இருக்கலாம். கியர்பாக்ஸ் பக்கத்து மவுண்ட் வேறு. ஆட்டோமேட்டிக் ஆயிலைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குப் போகும் குழாய்களை அடைக்க வேண்டும். பின்சக்கர டிரைவ் என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளமே ஒத்துவராமல் போகலாம். கிராங்க்ஷாஃப்ட் முனையில் பைலட் பேரிங் என்று ஒரு சின்னச் சாமானும் கேட்கும். அதை மறந்துவிட்டு எல்லாவற்றையும் பூட்டினால் மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டும்.

இவ்வளவும் இரும்பு வேலை. கையில் தொழில் உள்ள பட்டறைக்காரர் செய்துவிடுவார். தகராறு அதற்கப்புறம்தான்.

வயரிங்கைக் கண்டால் பயப்படுபவர், ஓசூர்: அதற்கப்புறம் என்ன தகராறு?

கம்ப்யூட்டர். இன்றைய ஆட்டோமேட்டிக் காரில் இன்ஜினுக்கு ஒரு மூளை, கியர்பாக்ஸுக்கு ஒரு மூளை. சிலவற்றில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். இரண்டும் ஓயாமல் பேசிக்கொள்ளும். கியர்பாக்ஸ் மூளையைக் கழற்றிவிட்டால் இன்ஜின் மூளை ‘அவன் எங்கே?’ என்று கேட்டு மீட்டரில் மஞ்சள் விளக்கைப் போட்டுவிடும். சில கார்கள் பாதுகாப்புக்காகத் தாமே வேகத்தைக் குறைத்து நொண்டும். சரி, மேனுவல் காரின் கம்ப்யூட்டரையே வாங்கிப் போடலாம் என்றால், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் அதோடு சேர்ந்தது. சாவி அதற்குப் புதுசு. மறுபடி அறிமுகம் செய்துவைக்க வேண்டும்.

இதைவிட ஆபத்தான சங்கதி ஒன்று உண்டு. ஆட்டோமேட்டிக் கார் ‘பி’ அல்லது ‘என்’னில் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். அதைப் பார்த்துச் சொல்ல கியர்பாக்ஸின் மேல் ஒரு சுவிட்ச் இருக்கிறது. பழைய கியர்பாக்ஸோடு சுவிட்சும் போய்விட்டால் ஸ்டார்ட்டர் சுற்றாது. சோம்பேறி எலக்ட்ரீஷியன் என்ன செய்வார்? அந்த இரண்டு வயரையும் முறுக்கி, டேப் சுற்றி, ‘சார், வண்டி ரெடி’ என்பார். அப்படி ‘ரெடி’யான ஒரு வண்டியை நான் பார்த்திருக்கிறேன். முதல் கியரில் நிறுத்தியிருந்த காரில், ஓனர் வெளியே நின்றபடி ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். கார் ஒரே எம்பு. எதிரே பெயின்ட் டப்பாக்கள் இருந்ததால் போயிற்று; பட்டறைப் பையன் அப்போதுதான் டீ வாங்கப் போயிருந்தான்.

அந்த இரு வயரையும் கிளச் பெடலில் பொருத்தும் சுவிட்சுக்குக் கொண்டுபோக வேண்டும். கிளச்சை மிதித்தால் மட்டுமே ஸ்டார்ட் ஆக வேண்டும். ரிவர்ஸ் லைட்டையும் புது கியர்பாக்ஸில் உள்ள ரிவர்ஸ் சுவிட்சோடு இணைக்க வேண்டும். இந்த இரண்டையும் தானாகச் சொல்லாத மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

விவரமானவர், சேலம்: ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்ல வேண்டுமா? வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாதே!

வெளியே தெரியாது, ஆர்.சி.யில் தெரியும். மாடல் பெயரின் வாலில் ஏ.டி., சி.வி.டி., ஏ.ஜி.எஸ். என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52 சொல்வது இதுதான்: தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களோடு ஆர்.சி. விவரங்கள் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே அழுத்திச் சொன்னது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த ஓனருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘மாற்றம் ஒன்றுக்கு’ என்பதைக் கவனித்தீர்களா? மதுரைக்காரருக்கு நான் போட்ட பட்டியலைக் கறாரான இன்ஸ்பெக்டர் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தால் என்ன ஆவது?

‘இதே மாடலை மேனுவலாகவும் கம்பெனி விற்றிருக்கிறது, அதன் அசல் பாகங்களைத்தானே போடுகிறேன்’ என்று நீங்கள் வாதாடலாம். நியாயமான வாதம்தான். அதை எழுத்தில் வைத்து, ஸ்பானரைத் தொடுவதற்கு முன் ஆர்.டி.ஓ.விடம் கொடுத்து, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். ‘சரி சார், பண்ணிக்குங்க’ என்ற வாய்மொழி செல்லாது. சொன்னவர் மாற்றலாகிப் போய்விடுவார். கார் உங்களிடமே இருக்கும்.

மருமகன், திருச்சி: மாமனார் கொடுத்த கார் ஆட்டோமேட்டிக். மேனுவலாக மாற்றினால் கோபித்துக்கொள்வாரா?

ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கோபம் அப்புறம்.

பாலிசிதாரர், ஈரோடு: இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காவிட்டால்?

விபத்து நடக்காதவரை ஒன்றுமில்லை. நடந்தால், சர்வேயர் பானெட்டைத் திறப்பார், பெடல்களைப் பார்ப்பார், பாலிசியில் போட்டிருக்கும் மாடலைப் பார்ப்பார், உங்களையும் ஒருமுறை பார்ப்பார். பிரீமியம் கட்டியது ஆட்டோமேட்டிக் காருக்கு, மோதியது மேனுவல் கார் என்றால் கிளெய்மை மறுக்க அவருக்கு ஒரு காரணம் கையில் கிடைத்தாயிற்று.

சொந்தக் கார் பிரியர், காரைக்குடி: அப்பா ஓட்டிய பழைய மாருதி ஜென் ஆட்டோமேட்டிக் வீட்டில் நிற்கிறது. கியர்பாக்ஸ் போய்விட்டது. ஸ்பேர் கிடைக்கவில்லை. விற்க மனமில்லை. இதற்கும் ‘வேண்டாம்’தானா?

இதற்கு மட்டும் ‘யோசிக்கலாம்’. வந்த கடிதங்களில் நியாயமான காரணம் உள்ளது உங்களுடையது.

உங்கள் ஜென்னில் இருப்பது மூன்றே கியர் உள்ள அந்தக்கால ஆட்டோமேட்டிக். விற்றது கொஞ்சம், அதனால் பாகமும் கொஞ்சம். ஆனால் அதே 993 சி.சி. இன்ஜினோடு ஐந்து கியர் மேனுவல் ஜென் ஊரெல்லாம் ஓடியது. உங்களுக்குத் தேவையானதெல்லாம் கம்பெனியே ஒரு காலத்தில் இதே உடம்புக்குள் போட்டு விற்றதுதான். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். வண்டி கார்புரேட்டர் காலத்தது என்றால் இன்னும் நல்லது. ஓசூர்க்காரர் பயப்படுகிற கம்ப்யூட்டர் சண்டை அநேகமாக இல்லை.

சாமான்களைத் தனித்தனியாகச் சேர்க்காதீர்கள். சென்னை புதுப்பேட்டையில் கேட்டால் கியர்பாக்ஸ் ஒரு கடையில், பெடல் இன்னொரு கடையில், லிவர் ‘நாளைக்கு வாங்க’ கடையில் கிடைக்கும். கடைசியில் ஒரு போல்ட்டுக்காக வண்டி மாதக் கணக்கில் ஜாக்கியில் நிற்கும். அதைவிட, ஓட்ட லாயக்கில்லாத, ஆனால் பேப்பர் சுத்தமான மேனுவல் ஜென் ஒன்றை முழுதாக வாங்கிப் பக்கத்தில் நிறுத்துங்கள். அதிலிருந்து கழற்ற வேண்டியது, இதில் மாட்ட வேண்டியது. எந்த வயர் எங்கே போகிறது, எந்த பிராக்கெட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதற்கு அந்தக் காரே பாடப்புத்தகம். கழற்றும்போது போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கிளச் பிளேட், ரிலீஸ் பேரிங், ஆயில் சீல் ஆகியவற்றை மட்டும் புதிதாகப் போடுங்கள். அவற்றில் பழையதைப் போட்டுக் காசு மிச்சம் பிடிக்கிறவர் இரண்டு முறை கூலி கொடுப்பார்.

ஒரு தடை இருக்கிறது. வண்டிக்கு 15 வருடம் எப்போதோ தாண்டியிருக்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க இன்ஸ்பெக்டர் முன் நிறுத்தியாக வேண்டும். ஆகவே சேலத்துக்காரருக்குச் சொன்ன கடிதத்தை நீங்கள்தான் முதலில் எழுத வேண்டும். அனுமதி கிடைக்கவில்லை என்றால், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையே பிரித்து ரிப்பேர் செய்கிற ஆளைத் தேடுங்கள். உள்ளே தேய்வது பெரும்பாலும் கிளச் தகடுகளும் சீல்களும்தான். அளவு கொடுத்தால் வரவழைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

குழப்பத்தில் இருப்பவர், தென்காசி: என்னுடையது ஏ.எம்.டி. கார். அதை மாற்றுவது சுலபம் என்கிறார்களே?

உண்மைதான். வேடிக்கையும் அதில்தான். 2014-ல் செலெரியோவோடு நம்மூரில் பரவ ஆரம்பித்த ஏ.எம்.டி.க்குள் இருப்பது அசல் மேனுவல் கியர்பாக்ஸ். கிளச்சும் அதே கிளச். உங்கள் காலுக்குப் பதில் ஒரு மோட்டார் அல்லது ஹைட்ராலிக் சாதனம் கிளச்சை அமுக்குகிறது, உங்கள் கைக்குப் பதில் இன்னொன்று கியரைத் தள்ளுகிறது. டார்க் கன்வெர்ட்டரே கிடையாது. ஆக, இரும்பு வேலை பாதிக்குப் பாதி மிச்சம். பெடல், கேபிள், லிவர், கம்ப்யூட்டர் என்ற தலைவலிகள் அப்படியே.

ஆனால் உங்கள் குறை என்ன? அது தன் இஷ்டத்துக்குக் கியர் மாற்றுகிறது, மாற்றும்போது தலையாட்டுகிறது, அவ்வளவுதானே? லிவரை ‘எம்’ பக்கம் தள்ளுங்கள். ப்ளஸ், மைனஸ் இருக்கும். கியர் மாறும் நேரத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக விட்டுப் பிடியுங்கள், தலையாட்டல் பாதி குறையும். ஒரு பைசா செலவில்லாத இந்த வைத்தியத்தை ஒரு மாதம் செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

மீசைக்காரர், தேனி: ஆட்டோமேட்டிக் என்பது பெண்கள் வண்டி என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். அதற்காகவே மாற்ற நினைக்கிறேன்.

1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஜெனரல் மோட்டார்ஸ் ‘ஹைட்ரா-மேட்டிக்’ என்ற முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் போட்டு விற்றது. பிறகு அது போய் உட்கார்ந்த இடம், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் எம்5 ஸ்டூவர்ட் டாங்கி. இரண்டு காடிலாக் இன்ஜின், இரண்டுக்கும் ஹைட்ரா-மேட்டிக். குண்டு பாயும்போது சிப்பாய்க்குக் கிளச் மிதிக்க நேரமில்லை.

இன்னொன்று. 1989-ல் ஃபெராரி, ஃபார்முலா ஒன் காரில் கியர் லிவரையே எடுத்துவிட்டு ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு துடுப்பு வைத்தது. பயிற்சியில் அது பாடாய்ப் படுத்தியதால், ரேஸ் பாதியில் நின்றுவிடும் என்று நைஜல் மான்செல் ஊருக்குத் திரும்ப முன்கூட்டியே விமான டிக்கெட் போட்டு வைத்திருந்தார் என்பார்கள். பிரேசிலில் நடந்த அந்த முதல் ரேஸிலேயே ஜெயித்துவிட்டார். அவருக்கும் மீசை உண்டு. நண்பர்களிடம் போட்டோ காட்டுங்கள்.

தவிர, பெண்கள் ஓட்டினால் வண்டிக்கு என்ன குறைச்சல்? கேலிக்காக கியர்பாக்ஸை மாற்றுவதைவிட நண்பர்களை மாற்றுவது மலிவு.

வயிற்றெரிச்சல்காரர், கோவை: ஃபெராரி வைத்திருக்கிற கோடீஸ்வரர்களே மேனுவலுக்கு மாற்றுகிறார்களாமே! அவர்கள் என்ன முட்டாள்களா?

இல்லை, கணக்குத் தெரிந்தவர்கள். ரேஸில் ஜெயித்த துடுப்பு கியரை 1997-ல் எஃப்355 காரில் ஃபெராரி தெருவுக்குக் கொண்டுவந்தது. வாங்குகிறவர்கள் பலர் ‘அதுதான் வேண்டும்’ என்றார்கள். வருடம் ஆக ஆக மேனுவல் கேட்பவர் குறைந்தார்கள். 2009-ல் வந்த 458-ல் மேனுவலே கிடையாது. எல்லாம் போனபிறகுதான் ஞானோதயம். பளபளக்கும் உலோகத் தகட்டில் வெட்டிய பள்ளத்துக்குள் லிவர் ‘டக்’கென்று விழுகிற அந்தச் சத்தத்துக்கு ஏங்க ஆரம்பித்தார்கள். அசல் மேனுவல் கார்களின் விலை எகிறியது. அதை வாங்க முடியாதவர்கள், துடுப்பு கியர் காரை வாங்கி மாற்றத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் இதையே தொழிலாக வைத்திருக்கும் பட்டறைகள் உண்டு.

இதில் ஒரு ரகசியம்: அந்தக் கால ஃபெராரி துடுப்பு கியரும் தென்காசிக்காரரின் ஏ.எம்.டி.யும் ஒரே சாதி. உள்ளே மேனுவல் கியர்பாக்ஸ், வெளியே அதை இயக்கும் ஹைட்ராலிக். அதனால்தான் மாற்ற வருகிறது. அந்த ஹைட்ராலிக் சாதனம் பழுதானால் ஆகும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் அவர்கள் கணக்கு சரியாகவே வரும். உங்கள் ஹேட்ச்பேக்கை மாற்றினால் மறுவிற்பனை விலை ஏறாது; இறங்கும். வயிற்றெரிச்சலுக்கு மோர் குடியுங்கள்.

மைலேஜ் பார்ப்பவர், விருதுநகர்: மேனுவலாக்கினால் பெட்ரோல் மிச்சமாகுமே?

பழைய ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் நழுவுவதிலேயே சக்தி வீணானது. இப்போது ஓரளவு வேகம் பிடித்ததும் டார்க் கன்வெர்ட்டர் உள்ளேயே பூட்டிக்கொள்கிறது, கியர்களும் அதிகம். வித்தியாசம் சுருங்கிவிட்டது. ஏ.எம்.டி.யில் வித்தியாசம் இல்லையென்றே வைத்துக்கொள்ளலாம். மிச்சமாகும் பெட்ரோலையும் மாற்றுகிற கூலியையும் தராசில் வைத்தால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அரைப் பிரேக் ஆசாமி, நாகர்கோவில்: மேனுவலிலேயே பழகியவன். ஆட்டோமேட்டிக்கில் ஏறினால் என் இடது கால் திடீரென்று பிரேக்கை மிதித்து எல்லோரையும் முன்னால் தள்ளுகிறது. இதற்காகவாவது மாற்றலாமா?

உங்கள் இடது காலுக்குத் தெரிந்த ஒரே வித்தை, கிளச்சைத் தரைவரை அமுக்குவது. லேசாக மிதிப்பது அதற்குப் பழக்கமில்லை. கிடைத்தது அகலமான பிரேக் என்றதும் அதையே தரைவரை அமுக்குகிறது. இடப்பக்கம் கால் வைக்க ஒரு மேடை இருக்கும், அங்கே காலை வைத்துவிட்டு எடுக்காதீர்கள். சில வாரத்தில் அடங்கும். பின்சீட்டில் இருப்பவர்களை அதுவரை பெல்ட் போடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் போடச் சொல்லுங்கள்.

மலைப்பாதை விரும்பி, நாமக்கல்: கொல்லிமலை இறங்கும்போது ஆட்டோமேட்டிக்கில் பிரேக் தீய்ந்த வாடை வருகிறது. மேனுவல்தானே பாதுகாப்பு?

70 கொண்டை ஊசி வளைவுகளையும் ‘டி’யில் போட்டு பிரேக்காலேயே இறங்கினால் எந்த வண்டியும் வாடை வீசும். மேனுவல்காரர் இரண்டாம் கியரில் இறங்குகிறார், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. அதே வேலையை உங்கள் காரில் ‘எம்’, ‘எல்’ அல்லது ‘2’ செய்யும். ஏறிய கியரில் இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வது ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும். வாடை வந்த பிறகு ஓரம் கட்டி ஆறவிடுங்கள். சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

தள்ளிப் பழகியவர், தஞ்சாவூர்: பாட்டரி டவுனானால் மேனுவல் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். ஆட்டோமேட்டிக்கில் ஏன் முடியாது?

மேனுவலில் கிளச்சை விட்டதும் சக்கரமும் இன்ஜினும் நேருக்கு நேர் பிணைந்துவிடும். சக்கரம் சுற்றினால் இன்ஜின் சுற்றும். டார்க் கன்வெர்ட்டர் காரில் கியர் விழவே எண்ணெய் அழுத்தம் வேண்டும். அழுத்தம் தரும் பம்ப்பைச் சுற்றுவது இன்ஜின். இன்ஜின் நின்றுகிடக்கிறதே! தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம்வரை தள்ளினாலும் பயனில்லை. இதே காரணத்தால்தான், பிரேக்டவுனான ஆட்டோமேட்டிக்கை ஓட்டும் சக்கரம் தரையில் உருள இழுத்துப் போகக் கூடாது. எண்ணெய் சுற்றாமல் உள்ளே தேய்ந்து போகும். முழு வண்டியையும் ஏற்றிப் போகிற ரெக்கவரி லாரியைக் கூப்பிடுங்கள். மேனுவலுக்கு மாற இது ஒரு காரணம்தான், ஒப்புக்கொள்கிறேன். நல்ல பாட்டரி வாங்க இதைவிடப் பெரிய காரணம்.

புரோட்டான் ரசிகர், கிள்ளான், மலேசியா: எங்கள் ஊரில் புரோட்டான் வீராவை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றுவது சகஜம். நீங்கள் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்?

உங்கள் ஊரில் ‘ஹாஃப்-கட்’ கடை இருக்கிறது, எங்களுக்கு இல்லை. ஜப்பானில் கழித்த காரைப் பாதியாக அறுத்து, இன்ஜின், கியர்பாக்ஸ், பெடல், வயரிங் எல்லாம் ஒன்றாகக் கப்பலில் வந்து இறங்குகிற ஊரில் உட்கார்ந்து கேட்கிறீர்கள். வீராவின் பூர்வீகமே மிட்சுபிஷி லான்சர். சொந்தக்காரர்களின் சாமான் எல்லாம் பொருந்தும். செய்யுங்கள், ஆனால் உங்கள் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் விதிகளைப் பார்த்துவிட்டு. வீட்டில் யாராவது ஆட்டோமேட்டிக்குக்கு மட்டுமான ‘டி.ஏ.’ லைசென்ஸ் வைத்திருந்தால், அன்றிலிருந்து அவர்கள் அந்தக் காரைத் தொடக் கூடாது.

3ஏ பேர்வழி, சிங்கப்பூர்: நான் ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் பாஸ் செய்தவன். காரை மேனுவலாக்கிக் கற்றுக்கொள்ளலாமா?

கார் மாறிவிடும், லைசென்ஸ் மாறாது. உங்கள் 3ஏ ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும். மேனுவலுக்கு 3-ம் வகுப்பு வேண்டும். பிரிட்டனிலும் இதே கதை. இந்தியாவில் எல்.எம்.வி. லைசென்ஸ் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறது, ஆட்டோமேட்டிக்கில் மட்டுமே ஓட்டிய பிள்ளை மறுநாள் அப்பாவின் மேனுவலை எடுத்துக்கொண்டு கத்திப்பாராவில் நடுவழியில் ஆஃப் ஆகி நிற்பதும் அதனால்தான். தவிர, பத்து வருடத்துக்கென்று சி.ஓ.இ. என்ற உரிமைச் சான்றிதழுக்குக் கொட்டிக் கொடுத்து வாங்கிய காரை மாதக் கணக்கில் பட்டறையில் நிறுத்தினால் ஒவ்வொரு நாளுக்கும் கணக்குப் போட்டு அழுவீர்கள். டிரைவிங் ஸ்கூலில் சேருங்கள். அவர்கள் கிளச்சைத் தேய்த்துப் பழகலாம்.

பெயர் வேண்டாம், வேலூர்: எனக்கு இடது காலில் போலியோ. மேனுவல் கார் இருக்கிறது. தலைகீழாக, ஆட்டோமேட்டிக்காக மாற்ற முடியுமா?

மாற்ற முடியும், ஆனால் முன்சொன்ன அத்தனை வேலையும் தலைகீழாக, அதைவிடக் கடினமாக. முடிந்தால் இதை விற்றுவிட்டு ஆட்டோமேட்டிக் வாங்குங்கள். உங்கள் வலது காலே போதும். இந்தக் காரையே வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், கிளச்சைக் கையால் இயக்கும் சாதனங்கள் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்றியமைக்க 2019 திருத்தம் தனி வழி வைத்திருக்கிறது. ஆர்.டி.ஓ. அனுமதியோடு செய்து ஆர்.சி.யில் பதிவு செய்துகொள்ளுங்கள். லைசென்ஸிலும் அந்த விவரம் வர வேண்டும்.

குறும்புக்காரர், அறந்தாங்கி: டிவிஎஸ் 50-ஐ கியர் வண்டியாக்க முடியுமா?

ஒரே கியர், தானே பிடிக்கும் கிளச், மூன்று மூட்டை, அதன்மேல் ஒரு ஆள். உலகம் இன்னும் எதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்கிறீர்கள்?

சந்தேகப் பிராணி, புதுச்சேரி: சி.வி.டி. காரில் கியரே இல்லை என்பது நிஜமா?

படிப்படியான கியர் இல்லை. இரண்டு கப்பி, நடுவில் ஒரு பெல்ட். கப்பிகள் அகன்றும் ஒடுங்கியும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். உங்கள் வீட்டு ஸ்கூட்டரிலும் இதேதான். நெதர்லாந்தின் டாஃப் கம்பெனி 1958-ல் இதைக் காரில் போட்டது. அதில் ஒரு விசித்திரம்: முன்னால் போகும் அதே வேகத்தில் பின்னாலும் போகும். டச்சுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ரிவர்ஸில் ரேஸ் நடத்தினார்கள். டி.வி.யிலும் காட்டினார்கள்.

நாளைய மனிதர், சென்னை: எல்லாம் எலக்ட்ரிக் ஆகப்போகிறது. கிளச், கியர் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறீர்களே?

நான் மட்டுமா? ஹூண்டாய் 2023-ல் காட்டிய ஐயானிக் 5 என் என்ற எலக்ட்ரிக் காரில் கியர் கிடையாது. ஆனால் ஒரு பொத்தானை அழுத்தினால் எட்டு கியர் இருப்பதுபோல் நடிக்கும். துடுப்பைத் தட்டினால் ஒரு குலுக்கு, ஸ்பீக்கரில் இன்ஜின் சத்தம். கியர் மாற்ற மறந்தால் பழைய பெட்ரோல் இன்ஜின்போல் முக்கி நிற்கும். இல்லாத கியரை மாற்ற மறந்ததற்குத் தண்டனை! மேனுவலுக்கு ஏங்குவது பைத்தியம் என்றால், கம்பெனிகளுக்கும் பிடித்திருக்கிறது.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகிறவர், திண்டுக்கல்: ஏற்கெனவே மேனுவலாக மாற்றிய கார் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா? மாற்றியிருக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் மீட்டரைப் பாருங்கள். கியர் லிவர் மேனுவலாக இருக்கும், மீட்டரில் மட்டும் பி, ஆர், என், டி என்ற எழுத்துகள் அனாதையாக எரிந்துகொண்டிருக்கும். அல்லது அந்த இடத்தில் கறுப்பு டேப் இருக்கும். இக்னிஷன் போட்டதும் எல்லா எச்சரிக்கை விளக்கும் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். செக் இன்ஜின் விளக்கு எரியவே இல்லை என்றால், கோளாறைச் சரிசெய்யாமல் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். பிரேக் பெடலின் ரப்பர் புதிதாகவும் பெடல் ஓரம் ரம்பத்தால் அறுத்ததாகவும் இருக்கிறதா பாருங்கள். அகலப் பெடலை வெட்டிச் சிறியதாக்கும் புண்ணியவான்கள் உண்டு. தரை விரிப்பைத் தூக்கிக் கன்சோல் அடியில் வெல்டிங் தடம் தேடுங்கள். ஹாண்ட்பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் வைத்து, எதிரே யாரும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, கிளச்சைத் தொடாமல் சாவியைத் திருப்புங்கள். ஸ்டார்ட் ஆகிவிட்டால் வயரை முறுக்கியிருக்கலாம். அதே மாடலின் அசல் மேனுவல் காரும் அப்படித்தானா என்று விசாரியுங்கள். ரிவர்ஸ் போட்டுவிட்டு இறங்கிப்போய்ப் பின்னால் விளக்கு எரிகிறதா பாருங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு, இக்னிஷனை மட்டும் போட்டு.

இத்தனையிலும் தேறினால் ஆர்.சி.யைக் கேளுங்கள். அதில் மாற்றம் பதிவாகியிருந்தால் விலை பேசலாம். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் சார், இப்போதைக்கு டோக்கன் அட்வான்ஸ் போடுங்க’ என்று ஆரம்பித்தால், வந்த பஸ்ஸிலேயே திரும்பி வாருங்கள்.